நந்தன் ஏன் எப்போதும் தீயில் இறங்குகிறான்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வல்லத்திராக்கோட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகள் குறும்படக் கதை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார்கள். எட்டுப் பக்கம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிற தங்கை ஒருத்தி எழுதியது. மற்றவர்கள் கூட உட்கார்ந்து சேர்த்தது.

கதை இதுதான். ஒரு சேரி. அங்கே குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்படுகிறது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. நியாயம் கேட்கப் போனவர்களை ஊர்க்காரர்கள் விரட்டுகிறார்கள். போலீஸ் கண்டுகொள்ளவில்லை. ஒரு தாத்தா ஆட்சியர் அலுவலக வாசலில் தீக்குளித்துச் சாகிறார். புதிதாக மாற்றலாகி வந்த ஆட்சியர் காரிலிருந்து இறங்குகிறார், குனிந்து குடிசைக்குள் நுழைகிறார், ஒரு குழந்தையைத் தூக்கிக்கொள்கிறார். கடைசியில் அவர் கையால் குழாயைத் திறக்க, தண்ணீர் கொட்டுகிறது. 'சுபம்' போடவில்லை, அவ்வளவுதான்.

வாசித்துக் காட்டும்போது இரண்டு பேர் அழுதார்கள். எனக்கும் தொண்டை அடைத்தது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறுத்தியது. வேங்கைவயலை வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தாத்தா எங்கிருந்து வந்தார்? மறுநாள் அந்தத் தங்கையிடமே கேட்டேன்: "தாத்தா ஏம்மா சாகணும்?"

"அது இல்லேன்னா படம் முடியாதுல்லண்ணே?"

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவள் பார்த்த படங்களில் அப்படித்தான் முடிந்திருக்கிறது. நம் ஆள் ஒருவர் செத்தால்தான் மற்றவர்களுக்கு மனசு இளகும், இளகினால்தான் கதை நகரும். இந்த விதியை அவளுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. தமிழ் சினிமா தொண்ணூறு வருடமாக நடத்திக்கொண்டிருக்கிறது. அவளுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

முதலில் நந்தன். 1935இல் 'பக்த நந்தனார்' வந்தது. நந்தனாராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். அவருக்குக் கொடுத்த சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் இந்தியாவிலேயே யாரும் கேள்விப்படாத தொகை. வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். இவ்வளவு செலவழித்தும் படம் எடுபடவில்லை. ஏழு வருடம் கழித்து, 1942இல், ஜெமினி ஸ்டூடியோ எஸ்.எஸ். வாசன் அதே கதையை எம்.எம். தண்டபாணி தேசிகரை வைத்து எடுத்தார். முருகதாசா இயக்கினார். இது ஓடியது. இன்றைக்கும் 'நந்தனார்' என்றால் பழைய ஆட்களுக்குத் தேசிகரின் குரல்தான்.

ஏன் அந்த நேரத்தில் அந்தக் கதை? 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம். தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி என்று அம்பேத்கர் வாங்கிவந்ததை, காந்தியின் உண்ணாவிரதம் விட்டுக்கொடுக்க வைத்தது. அதற்கு அடுத்த வருடமே காந்தியின் ஹரிஜன யாத்திரை. 1936இல் திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம், 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவு. நாட்டில் ஒரு கேள்வி எழுந்து நின்றது. நாங்கள் கேட்டது அரசியல் அதிகாரம். அவர்கள் பேச விரும்பியது கோயில் வாசல். பேச விரும்பியதற்கு ஏற்ற கதை கையிலேயே இருந்தது.

இந்தக் கதைக்கும் ஒரு வரலாறு உண்டு, அதைக் கவனியுங்கள். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரிய புராணத்தில் நந்தனுக்குப் பண்ணையார் யாரும் இல்லை. அவர் ஆதனூர்ப் புலைப்பாடியில் இருந்துகொண்டு, கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுக்கிறார். அவருக்கென்று தொழில் இருக்கிறது, மானியமும் இருக்கிறது. நாற்பது வேலி நிலத்தை ஒரே இரவில் அறுத்துக் கட்டச் சொல்கிற வேதியர் 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனையில்தான் வருகிறார். அவரும் கொடுமைக்காரராக ஆரம்பித்து, நந்தனின் பக்தியைப் பார்த்து மனம் மாறுகிறார். சினிமா எடுத்துக்கொண்டது சேக்கிழாரை அல்ல, இந்தக் கீர்த்தனையைத்தான். மனம் மாறுகிற மேல்சாதிக்காரர் இல்லாமல் நம்மைப் பற்றி ஒரு கதையைச் சொல்ல முடியாது என்ற வழக்கம் திரைக்கு வருவது அப்போதுதான்.

தீ மட்டும் இரண்டிலும் இருக்கிறது. சிவனே கனவில் வந்து, நெருப்பில் மூழ்கி எழுந்து வா என்கிறார். தில்லை அந்தணர்கள் தீ மூட்டுகிறார்கள். இறங்கியவர் பூணூலோடு முனிவராக எழுகிறார், கோயிலுக்குள் போகிறார், மறைந்துவிடுகிறார். பக்திக் கதை என்றால் பக்தன் துன்பப்படுவான், கடைசியில் கடவுளோடு சேருவான் என்று சொல்வீர்கள். சரி, கண்ணப்பரைப் பாருங்கள். வேடர். வாயில் தண்ணீர் கொண்டுவந்து சாமியைக் குளிப்பாட்டியவர், மாமிசம் படைத்தவர், செருப்புக் காலைச் சாமி முகத்தில் வைத்தவர். அவரைக் கடவுள் அப்படியே, அந்த உடம்போடே பக்கத்தில் வைத்துக்கொண்டார். நெருப்பு எதுவும் கேட்கவில்லை. நந்தன் உடம்புக்கு மட்டும் நெருப்பு தேவைப்பட்டது. உள்ளே போனவரும் திரும்பி வரவில்லை. அவர் பின்னால் அவருடைய சேரி கோயிலுக்குள் போனதாகக் கதையில் இல்லை.

நம் ஆட்கள் இதைக் கேட்டுச் சும்மா இருந்தார்கள் என்று நினைக்காதீர்கள். 'தமிழன்' பத்திரிகை நடத்திய அயோத்திதாசப் பண்டிதர், நந்தன் பக்தனல்ல, சூழ்ச்சியால் கொல்லப்பட்ட அரசன் என்று எழுதினார். நந்தனை ராஜாவாகச் சொல்கிற வாய்மொழிக் கதைகள் இன்றும் இருக்கின்றன. சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்திலேயே, 1916இல், நந்தன் பெயரில் கல்விக் கழகம் தொடங்கினார். யோசித்துப் பாருங்கள். எந்த ஊரில் நந்தனை எரித்ததாகச் சொன்னார்களோ, அதே ஊரில் அவர் பெயரில் நம் பிள்ளைகள் சிலேட்டோடு உட்கார்ந்தார்கள். சுந்தராம்பாள் படம் வருவதற்கு 19 வருடம் முன்பே இது நடந்துவிட்டது. எந்த ஸ்டூடியோவும் அதைக் கதையாகப் பார்க்கவில்லை.

பார்த்த ஒரே ஆள் ஒரு காமெடி நடிகர். என்.எஸ். கிருஷ்ணன். நந்தனார் காலட்சேபத்தை அப்படியே கேலியாகத் திருப்பி 'கிந்தனார்' என்று ஒரு காலட்சேபம் செய்துவந்தார். உடுமலை நாராயணகவி எழுதியது. 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் அது இருக்கிறது, தேடிப் பாருங்கள். கிந்தனுக்குச் சிதம்பரம் போக ஆசையில்லை. பட்டணம் போய்ப் படிக்க ஆசை. அடி வாங்குகிறான், ரயிலேறி ஓடிவிடுகிறான், படித்துக் கல்வித் துறை அதிகாரியாகத் திரும்புகிறான். நந்தனுக்கு நெருப்பு, கிந்தனுக்குக் கரியில் ஓடுகிற ரயில். அதே நெருப்புதான், இவன் அதன் மேல் உட்கார்ந்து ஊரைவிட்டுப் போகிறான். என் கணக்கில், தமிழ் சினிமாவில் நம்மைப் பற்றிச் சொன்ன முதல் உருப்படியான கதை அதுதான். அது ஒரு முழுப் படமாக இல்லாமல், படத்துக்கு நடுவே ஒரு காமெடிப் பகுதியாக மட்டுமே இடம் பிடித்தது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

*

எங்கள் அப்பாயி 'மதுரை வீரன்' படத்தை டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட்டில் பார்த்ததை சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது. மண்ணைக் குவித்து மேடாக்கி அதன் மேல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இடைவேளையில் ஊர்க்காரப் பெண்ணொருத்தி கை தெரியாமல் இதன் முறுக்கை எடுத்துத் தின்றுவிட்டதாம். விளக்குப் போட்டதும் யார் முறுக்கு என்று தெரிந்து, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவள் முழித்த கதையைச் சொல்லும்போது அப்பாயிக்குச் சிரிப்பு அடங்காது.

ஈழத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி இதை ஆய்வாகவே எழுதியிருக்கிறார். தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலையரங்கம் சினிமாக் கொட்டகைதான், அங்கே இடம் பிறப்பால் அல்லாமல் டிக்கெட் காசால் தீர்மானமானது என்பது அவர் கருத்து. கோயிலில் நிற்க முடியாத இடத்தில் நின்றவர்கள் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். சினிமா நமக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் வேண்டாம். ஆனால் உட்கார இடம் கிடைத்த கொட்டகையில், திரையில் இடம் கிடைத்ததா?

1956இல் வந்த 'மதுரை வீரன்' எம்.ஜி.ஆரை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்திய படம். கண்ணதாசன் வசனம். மதுரை வீரன் யார்? அருந்ததியர்களின் வீரன், அவர்களுடைய குலசாமி. படத்தில்? அரண்மனையில் பிறந்த குழந்தை. சகுனம் சரியில்லை என்று காட்டில் விடப்பட்டு, செருப்புத் தைக்கிற தம்பதி எடுத்து வளர்க்கிறார்கள். அந்தத் தம்பதியாக வருவது என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும். அதாவது காமெடி ஜோடி. வீரம் ராஜா ரத்தத்துக்கு, சிரிப்பு சக்கிலியருக்கு. இந்தப் பிறப்பு ரகசியம் சினிமாக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல, அச்சுக்கு வந்த கதைப்பாடலிலேயே இருக்கிறது. முத்துப்பட்டன் கதையிலும் இதே வேலை நடந்திருக்கிறது. பிராமணன் சக்கிலியப் பெண்களைக் கட்டினான் என்ற கதையை, அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணப் பிறப்பு என்று பிறகு மாற்றினார்கள். நா. வானமாமலை இந்த மாற்றத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார். 1958இல் சிவாஜி நடித்த 'காத்தவராயன்' வந்தபோது, ஆரியமாலையை விரும்பியதற்காகக் கழுவேறியவனும் சாபத்தால் பூமிக்கு வந்த தெய்வப்பிள்ளை ஆகிவிட்டான்.

சினிமாவில் பிறப்பு ரகசியம் என்பது பழகிப்போன உத்தி. தொலைந்த பிள்ளை, கையில் மச்சம், கழுத்தில் டாலர், கடைசி ரீலில் அம்மா. எல்லாருக்கும் பொதுவான வித்தை மாதிரிதான் தெரியும். நம் வீரர்கள் மேல் அது விழும்போது என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள். வீரனைக் கும்பிடலாம், அவன் யாருக்குப் பிறந்தான் என்பதை மாற்றிக்கொண்டு. அப்பாயிக்கு அது தெரியாதா? தெரியும். "அதெல்லாம் அவுக சேத்துக்கிட்டது"ன்னு ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டு, எம்.ஜி.ஆர் வாளைச் சுழற்றியதைச் சொல்ல ஆரம்பித்துவிடும். பார்வையாளர்கள் முட்டாள்கள் அல்ல. திரையில் வெட்டியதை மனசுக்குள் ஒட்டிக்கொண்டுதான் பார்த்தார்கள்.

அறுபதுகளையும் எழுபதுகளையும் வேகமாகக் கடந்துவிடலாம். அப்போது சேரிக்குப் பெயர் 'ஏழை'. பண்ணையாரை எதிர்க்கிற நாயகன் இருக்கிறான், அவனுக்குச் சாதி இல்லை. நம் வாத்தியம் எழவு வீட்டுக் காட்சியில் மட்டும் கேட்கும். வெட்டியான் ஒரு தத்துவம் சொல்லிவிட்டுப் போவார். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கதையில் நந்தனை எரித்த நெருப்பு, நிஜத்தில். அதைத் திரை தொட 15 வருடம் ஆனது. 1983இல் ஸ்ரீதர் ராஜன் எடுத்த 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவலை வைத்து எடுத்தது. அந்த நாவல் மீது நம்மவர்களுக்கு இன்றும் கோபம் உண்டு. கூலி கேட்டதற்காக எரித்த ஒரு நிலவுடைமையாளரின் வெறிக்கு, அவருடைய ஆண்மைக் குறைவில் காரணம் தேடியது அது. வெண்மணியில் எரிந்தவர்கள் கேட்டது நெல். 2005இல் பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படம் வந்தபோதுதான், உயிர் பிழைத்தவர்கள் தங்கள் வாயால் பேசியதைத் திரையில் கேட்டோம்.

*

தொண்ணூறுகளை வேகமாகக் கடக்க முடியாது. என்னைப் போன்றவர்கள் டெக் வாடகைக்கு எடுத்து, விடிய விடியப் படம் பார்த்து வளர்ந்த காலம் அது.

அப்போது நாட்டில் என்ன நடந்தது? அம்பேத்கர் நூற்றாண்டு. தெருவுக்குத் தெரு மன்றம், சிலை, பெயர்ப்பலகை. பஞ்சாயத்துத் தேர்தலில் இட ஒதுக்கீடு. 1995இல் கொடியங்குளம். 1996 உள்ளாட்சித் தேர்தல். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதும், பத்து வருடம் அங்கே முறையாகத் தேர்தல் நடத்த விடவில்லை. 1997 ஜூன் 30, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு வந்தவர்களும் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் நாற்காலியில் யார் உட்காருவது என்பதுதான் அந்தப் பத்தாண்டின் சண்டை.

அதே பத்தாண்டில் திரையில் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? 1992 'சின்னக் கவுண்டர்', அதே வருடம் 'தேவர் மகன்', 1993 'எஜமான்', 1994 'நாட்டாமை'. ஆலமரம், சொம்பு, துண்டு, கை கட்டி நிற்கிற கூட்டம். தீர்ப்புச் சொல்கிற பெரிய மனுசன் தப்பே செய்ய மாட்டார். செய்தால் செத்துவிடுவார். கிராமத்துப் படம் என்றாலே இதுதான் இலக்கணம் ஆனது. 'தேவர் மகன்' நல்ல படமா என்றால் நல்ல படம்தான், திரைக்கதை வகுப்பில் அதை வைத்துப் பாடம் நடத்தலாம். வன்முறை வேண்டாம், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்றுதான் அது முடிகிறது. ஆனால் திருவிழாக்களில் ஒலித்தது முடிவு அல்ல, பாட்டு. அந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் தெரு வழியாக வண்டிகள் போன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. 2023இல் 'மாமன்னன்' விழா மேடையில், கமல்ஹாசனை வைத்துக்கொண்டே மாரி செல்வராஜ் அந்தப் படம் தனக்குள் உண்டாக்கிய குழப்பத்தைச் சொன்னபோது சிலருக்குக் கோபம் வந்தது. எங்களுக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை. டெக் முன்னால் உட்கார்ந்து நாங்களும் அதே குழப்பத்தில்தான் இருந்தோம்.

மேலவளவு நடந்த அதே 1997இன் தொடக்கத்தில் சேரனின் முதல் படம் 'பாரதி கண்ணம்மா' வந்தது. தேவர் வீட்டுப் பெண்ணும் அந்த வீட்டில் வேலை செய்கிற தலித் இளைஞனும். படத்துக்குத் தென்மாவட்டங்களில் எதிர்ப்பு இருந்தது, அந்த அளவுக்குத் துணிச்சலான படம்தான். நாயகன் அய்யாவுக்கு விசுவாசமானவன். காதலை வாய்திறந்து சொல்லக்கூட மாட்டான். அவள் இறந்துபோகிறாள். எரிகிற சிதையில் அவனும் இறங்குகிறான். அதன் பிறகு அய்யா மனம் மாறுகிறார்.

கவனித்தீர்களா? வேதியர், நந்தன், தீ, மனமாற்றம். 55 வருடம் கழித்து அதே படம்.

2004இல் 'காதல்'. பையன் சாகவில்லை, பைத்தியமாகித் தெருவில் திரிகிறான். பெண்ணைக் கட்டிய நல்லவர் இரக்கப்பட்டு அவனைப் பார்த்துக்கொள்கிறார். 2008இல் 'தசாவதாரம்'. கமலின் பத்து வேடங்களில் ஒன்று பூவராகன் என்ற தலித் போராளி. மணல் கொள்ளையை எதிர்த்தவர். சுனாமியில் அந்தக் கொள்ளைக்காரரின் பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டுச் சாகிறார். தீ இல்லை, தண்ணீர். சாவு மாறவில்லை. இந்தப் படங்களை எடுத்தவர்கள் யாரும் நமக்கு எதிரிகள் அல்ல, பெரும்பாலும் நம்மீது அக்கறை உள்ளவர்கள். அதுதான் விஷயமே. கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை. கதைக்கு ஒரு அச்சு இருக்கிறது, நல்ல எண்ணத்தோடு மாவை ஊற்றினாலும் அதே வடிவத்தில்தான் வேகும்.

*

யார் நடிக்கிறார்கள் என்பதும் இதில் ஒரு பகுதிதான். மலையாளத்தின் முதல் படம் 'விகதகுமாரன்'. எடுத்தவர் ஜே.சி. டேனியல், நம் அகஸ்தீஸ்வரத்துக்காரர். கதாநாயகி பி.கே. ரோசி, தலித் பெண். படத்தில் நாயர் பெண்ணாக நடித்தார். திருவனந்தபுரத்தில் திரையிட்டபோது கொட்டகையிலேயே கலவரம். ஒரு புலையப் பெண் நாயர் பெண்ணாகத் தெரிவதைத் தாங்க முடியாமல் கல்லெறிந்தார்கள். ரோசி ஊரைவிட்டே ஓடி, நாகர்கோவிலில் பெயரை மாற்றிக்கொண்டு மிச்ச வாழ்க்கையை வாழ்ந்தார். அந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை. நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது, வாய்ப்புக் கிடைத்தால் போய் வாருங்கள்.

அதே காலத்து அமெரிக்காவைப் பாருங்கள். 'கான் வித் தி விண்ட்' படத்தில் விசுவாசமான வேலைக்காரியாக நடித்த ஹாட்டி மெக்டேனியல் 1940இல் ஆஸ்கர் வாங்கினார், வாங்கிய முதல் கறுப்பர். விருது விழாவில் அவருக்குத் தனி மேசை, ஓரமாக. வேலைக்காரியாக நடித்தால் பரிசு, பக்கத்து நாற்காலி மட்டும் கிடையாது. ஆனால் அங்கே இன்னொன்றும் நடந்தது. 1915இல் வெள்ளை வெறியர்களை வீரர்களாகக் காட்டி 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' வந்தது. ஐந்தே வருடத்தில் ஆஸ்கர் மிஷோ என்ற கறுப்பர் தன் சொந்த முயற்சியில் 'விதின் அவர் கேட்ஸ்' எடுத்தார். கறுப்பர்களை அடித்துக் கொன்ற கும்பலை அதில் காட்டினார். நமக்கு அப்படி ஒரு ஆள் வர எவ்வளவு காலம் ஆனது என்று கணக்குப் போட்டால் வயிறு எரியும்.

வந்தார்கள். 2012இல் பா. ரஞ்சித்தின் 'அட்டகத்தி'. அதில் என்ன பெரிய புரட்சி என்று அப்போது எங்களுக்கே புரியவில்லை. ஒரு பையன் பேருந்தில் பெண்களைப் பார்க்கிறான், காதலில் தோற்கிறான், சோகமாக இருக்க முயன்று அதிலும் தோற்கிறான். அவ்வளவுதான் கதை. இப்போது பின்னால் வந்த வரிசையைப் பார்த்தால் தெரிகிறது: சேரிப் பையன் ஒருவன் படம் முழுக்க அசடு வழிந்துவிட்டு, யாருக்காகவும் சாகாமல் வீட்டுக்குப் போகிறான். கிந்தனுக்குப் பிறகு இப்படி உயிரோடு வீடு திரும்பியவனை நான் அதிகம் பார்த்ததில்லை. 2018 'காலா' வில்லனுக்கு வெள்ளையும் நாயகனுக்குக் கறுப்பும் உடுத்தியது. வெளுப்பு நல்லது, கறுப்பு கெட்டது என்று பழகிய கண்ணுக்கு அது சின்ன அதிர்ச்சி. அதே வருடம் செப்டம்பரில் 'பரியேறும் பெருமாள்'. தண்டவாளத்தில் கிடந்த பரியன் எழுந்து வருகிறான். அடித்தவர்களின் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுகிறான். மேசையில் இரண்டு டம்ளர், நடுவில் ஒரு பூ. பெண்ணின் அப்பா மனம் மாறிவிட்டாரா? படம் சொல்லவில்லை. பார்க்கலாம் என்கிற மாதிரி விட்டுவிடுகிறது. இந்த இடத்தில்தான் நந்தனார் அச்சு உடைந்தது என்று நினைக்கிறேன்: மனமாற்றத்துக்கு விலையாக நம் உயிரைக் கொடுக்கவில்லை, அவர் மாறினாரா என்பது அவர் பாடு.

எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல வரவில்லை. 2021இல் 'ஜெய் பீம்'. காவல் நிலைய அடியைப் பார்க்க முடியாமல் எங்கள் தெருவில் பெண்கள் எழுந்து போனார்கள். முக்கியமான படம், மறுப்பில்லை. ஆனால் படம் முழுக்க இருளர்கள் அடி வாங்குகிறார்கள், அழுகிறார்கள், வக்கீல் பேசுகிறார். கணவனைத் தேடிப் படியேறி இறங்கிய அந்தப் பெண்ணின் பிடிவாதத்தையும், கூட நின்ற உள்ளூர்த் தோழர்களையும் விட, நீதிமன்ற வசனம்தான் மனசில் நிற்கிறது. நீதிமன்றப் படம் என்ற வகை அப்படி. அதில் நாற்காலியில் இருப்பவருக்கும் வாதாடுபவருக்கும்தான் வசனம். கூண்டில் நிற்பவருக்கு வலி மட்டும்.

2024இல் இரா. சரவணன் 'நந்தன்' எடுத்தார். பெயரைப் பாருங்கள். நம் புதுக்கோட்டைப் பக்கத்துக் கதை. தனி ஊராட்சியில் தலைவராக நிறுத்தப்படுகிற தலித்தாக சசிகுமார். கையெழுத்துப் போட மட்டும் ஒரு ஆள் வேண்டும் என்று ஊர்ப் பெரியவர் அவரைப் பிடித்து வைக்கிறார். தொண்ணூறுகளில் சினிமா பார்க்க மறுத்த நாற்காலியை இந்தப் படம் பார்த்தது, அதற்காகவே நன்றி சொல்ல வேண்டும். எனக்கு ஒரு குறை. நம் ஆள் என்று காட்ட ஒரு நடிகரின் முகத்தைக் கறுப்பாக்கி, பல்லைக் கறையாக்கி, அத்தனை அப்பாவியாகவும் ஆக்கவேண்டியிருக்கிறதா? எனக்குத் தெரிந்து தனி ஊராட்சித் தலைவர்கள் பலர், எங்கே கையெழுத்துப் போடாமல் இழுத்தடிக்கலாம் என்று நன்றாகத் தெரிந்தவர்கள்.

*

இப்போது வேங்கைவயல். செய்தியும் ஒரு திரைக்கதைதான் என்பதற்காகச் சொல்கிறேன்.

2022 டிசம்பர் 26, குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது தெரியவந்தது. அடுத்த நாள் ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் வந்தார்கள். இறையூர் அய்யனார் கோயிலுக்குள் நம் மக்களை ஆட்சியர் அழைத்துப்போனார். டீக்கடை இரட்டைக் குவளையும் வெளியே வந்தது. அந்த அதிகாரிகள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, செய்ய வேண்டியதைச் செய்தார்கள். ஆனால் நாடு முழுக்கச் சுற்றிய காணொளியில் கேமரா யாரைப் பார்த்தது? அழைத்துப்போகிறவரை. தலைமுறை தலைமுறையாக வாசலில் நின்றவர்கள் முதன்முதலாக உள்ளே என்ன பார்த்தார்கள் என்று அவர்கள் முகத்தைக் காட்டிய காட்சியை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். 1942இல் தேசிகர் மறைந்த பிறகு திரை யாரைப் பார்த்ததோ, அதே திசையில்தான் கேமரா திரும்பி நிற்கிறது.

பிறகு கதையின் வகை மாறியது. துப்பறியும் கதை ஆனது. யார் கலந்தது? சிபிசிஐடி, மரபணுப் பரிசோதனை, உயர்நீதிமன்றம் அமைத்த ஒருநபர் ஆணையம். துப்பறியும் கதைக்கு ஒரு குற்றவாளி போதும், அவன் கிடைத்துவிட்டால் கதை முடிந்தது. ஒரே ஊரில் ஏன் இரண்டு குவளை இருந்தது, கோயில் ஏன் அதுவரை பூட்டியிருந்தது, இதையெல்லாம் அந்த வகைக் கதை கேட்காது. யார் என்ற கேள்வி மட்டும் தொடர்ந்து ஓடியது. பாதிக்கப்பட்ட தெருவிலிருந்தே ரத்த மாதிரி கேட்டார்கள். 2025 ஜனவரியில், அதே தெருவைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை என்று அரசு நீதிமன்றத்தில் சொன்னது. விடுதலைச் சிறுத்தைகளும் மார்க்சிஸ்ட் கட்சியும் சிபிஐ விசாரணை கேட்டன. வழக்கில் யார் குற்றவாளி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை, அது என் வேலை அல்ல. அன்று மாலை தொலைக்காட்சியில் 'திடீர் திருப்பம்' என்று போட்டார்கள். அந்தச் சொல்லைத்தான் சொல்கிறேன். திருப்பம் சினிமாவில் வருவது. குவளை இரண்டாக இருந்ததில் எந்தத் திருப்பமும் இல்லை.

*

இதையெல்லாம் மூன்று ஞாயிற்றுக்கிழமை பேசினோம். ஒரு வாரம் 'நல்லதம்பி'யிலிருந்து கிந்தனாரை மட்டும் லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். சின்னப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த வாரம் 'நந்தனார்' கடைசிக் காட்சி. யாரும் பேசவில்லை.

கதை இப்போது மூன்றாவது முறையாக எழுதப்பட்டிருக்கிறது. பதினொரு நிமிடம் வரும். ஏழாவது படிக்கிற ஒரு பெண் பிள்ளை, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எந்தெந்த நாள் தண்ணீர் வந்தது, எத்தனை குடம் என்று குறித்துவைக்கிறாள். குழாயடியில் ஒரு சண்டை உண்டு, அதில் ஊர்க்காரர்கள் யாரும் இல்லை, எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேர் முறை வைத்து அடித்துக்கொள்வது. நான் அதை எடுத்துவிடச் சொன்னேன், நம்மை நாமே கேவலமாகக் காட்டுவதா என்று. எழுதிய தங்கை ஒத்துக்கொள்ளவில்லை. "நாங்க சண்டை போடாத மாதிரி காட்டுனாதாண்ணே பொய்யி" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். ஆட்சியர் வருகிறார், ஆனால் முகம் இல்லை. கார்க் கதவு சாத்துகிற சத்தம் மட்டும். அந்த நோட்டை அவரிடம் கொடுக்கலாமா, கூடாதா என்பதில் அவர்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை.

தாத்தா இருக்கிறார். நடிக்கக் கேட்டுப் போனபோது அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். கதையைச் சொன்னோம். கேட்டுவிட்டு, "நான் படத்துல சாவுறனா?" என்றார்.

"இல்ல தாத்தா."

"அப்ப வெள்ளன வந்துருங்க. பத்து மணிக்கு மேல எனக்கு வேல கெடக்கு."